“எனக்கு ஏறவே இல்லை சார்”: குடித்து வண்டி ஓட்டிய வழக்கில் பழகிய உடம்பை வைத்து வாதாடுவது எப்படி, எப்போது கூடாது

குடித்துவிட்டு வண்டி ஓட்டியதாக வழக்கில் சிக்கியவர் வக்கீல் முன்னால் வந்து உட்கார்ந்ததும் சொல்வது பெரும்பாலும் இதைத்தான்: “எனக்குக் கெப்பாசிட்டி ஜாஸ்தி சார். அந்த அளவுக்கெல்லாம் எனக்கு ஏறவே ஏறாது. ஸ்டெடியாகத்தான் ஓட்டினேன்.”

அவர் பொய் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பல நேரம் அது உண்மையாகவே இருக்கும். அந்த உண்மை வழக்கில் எந்தப் பக்கம் போய் நிற்கும் என்பதுதான் நாம் பார்க்கவேண்டியது. சில வழக்குகளில் அது கட்சிக்காரரைக் காப்பாற்றும். சிலவற்றில் அதற்குக் காலணா மதிப்பும் கிடையாது. இன்னும் சிலவற்றில், நிற்காமல் போயிருக்கவேண்டிய வழக்கை அதுவே நிற்கவைத்துவிடும்.

இப்படி ஒரு வழக்கை முதன்முறையாகக் கையில் எடுக்கும் இளம் வழக்கறிஞர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். வழக்கில் சிக்கியவர்களும் அவர்கள் வீட்டாரும் படிக்கலாம். ஆனால் சட்டம் நாட்டுக்கு நாடு மாறுகிறது. உங்கள் வழக்கு நடக்கும் இடத்துச் சட்டம் தெரிந்த ஒருவரிடம் பேசாமல் எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

கீழே “80 மி.கி.” என்று எழுதினால், 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 80 மில்லிகிராம் ஆல்கஹால் என்று பொருள். அமெரிக்காவில் 0.08 என்று எழுதுவதும் இதே அளவுதான்.

முதல் வேலை: குற்றச்சாட்டு எண்ணைப் பற்றியதா, ஆளின் நிலையைப் பற்றியதா?

குற்றச்சாட்டு எந்தப் பிரிவில், எந்த உட்பிரிவில் வந்திருக்கிறது என்பதை ஒரு வார்த்தை விடாமல் படியுங்கள். இந்த வகைக் குற்றங்கள் இரண்டு விதமாக எழுதப்படுகின்றன. ஒன்று, ரத்தத்திலோ மூச்சிலோ இவ்வளவுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம் என்பது. இன்னொன்று, போதையால் வண்டியைச் சரியாக ஓட்ட முடியாத நிலையில் இருந்தால் குற்றம் என்பது. முதலாவதில் எண் போதும். இரண்டாவதில் அந்த ஆளின் நிலையை நிரூபிக்கவேண்டும்.

பிரிட்டனில் 1988-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு எண்ணைப் பற்றியது, 4-ஆம் பிரிவு நிலையைப் பற்றியது. சிங்கப்பூரின் 67-ஆம் பிரிவுக்குள்ளேயே இரண்டும் உண்டு. அமெரிக்க மாநிலங்களில் பெரும்பாலும் ஒரே சம்பவத்துக்கு இரண்டு குற்றச்சாட்டும் சேர்ந்தே வரும். அங்கே எல்லை 80 மி.கி.; யூட்டா மாநிலத்தில் மட்டும் 2018 இறுதியில் அதை 50 ஆக்கினார்கள். இந்தியாவின் மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆம் பிரிவு மதுவைப் பொறுத்தவரை எண்ணை மட்டுமே பார்க்கிறது: 30 மி.கி.-யைத் தாண்டினால் குற்றம். “வண்டியைக் கட்டுப்படுத்த முடியாத நிலை” என்ற சொற்கள் அதில் போதைமருந்துக்கான உட்பிரிவில்தான் வருகின்றன. நிறையப் பேர் இதைக் கவனிக்காமல், மது வழக்கிலேயே “கட்டுப்பாட்டோடுதான் ஓட்டினார்” என்று வாதாடி நேரத்தை வீணாக்குகிறார்கள்.

எண்ணை மட்டும் வைத்து வந்த குற்றச்சாட்டில் பழகிய உடம்பு என்ற வாதத்துக்கு நேரடியான இடம் கிடையாது. எத்தனை வருடம் குடித்துப் பழகியிருந்தாலும் ரத்தத்தில் இருப்பது இருப்பதுதான். அங்கே நீங்கள் சண்டை போடவேண்டியது கருவியோடும், மாதிரி எடுத்த முறையோடும், நேரக் கணக்கோடும்.

நிலையைப் பற்றிய குற்றச்சாட்டிலும் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பாருங்கள். கனடாவில், ஓட்டும் திறன் எந்த அளவுக்குக் குறைந்திருந்தாலும், கொஞ்சமாக இருந்தாலும் போதும் என்ற நிலைப்பாட்டை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1994-இல் ஏற்றுக்கொண்டது. அங்கே “அவ்வளவாக ஏறவில்லை” என்று சொல்வது குற்றத்தை ஒப்புக்கொள்வது போலத்தான். ஜெர்மனியில் ஒரு கிலோ ரத்தத்துக்கு 1.1 கிராம் ஆல்கஹாலைத் தொட்டுவிட்டால், ஓட்டத் தகுதியற்றவர் என்றே முடிவு; நன்றாக ஓட்டினேன் என்ற பேச்சை யாரும் கேட்கமாட்டார்கள். 0.3 கிராமுக்கும் அதற்கும் இடைப்பட்ட அளவில்தான், தடுமாற்றம் தெரிந்ததா இல்லையா என்ற கேள்வியே எழுகிறது.

அப்புறம், கட்சிக்காரரை வாய்மூடச் சொல்லுங்கள்

இதை இரண்டாவதாக வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. கீழே சொல்லப்போகும் எல்லாமே, “நான் தினமும் குடிக்கிறவன், எனக்கு இது பழக்கம்” என்ற சொற்கள் பதிவாகியிருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்தே இருக்கிறது. போலீஸ்காரரிடம், மருத்துவமனையில், காப்பீட்டுக்காரரிடம், வாட்ஸ்அப்பில் நண்பரிடம், எங்கே எதைச் சொல்லியிருக்கிறார் என்று முதல் சந்திப்பிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இனிமேல் வழக்கறிஞரைத் தவிர யாரிடமும் பேசக்கூடாது என்றும் சொல்லிவிடுங்கள். தவளை தன் வாயால் கெடும் என்பது இந்த வழக்குகளில் வாராவாரம் நடக்கிறது.

உங்களிடம் மட்டும் அவர் முழு உண்மையைச் சொல்லவேண்டும். சம்பவத்தன்று எத்தனை மணிக்குக் குடிக்க ஆரம்பித்தார், கடைசி மடக்கு எப்போது, என்ன மது, எவ்வளவு, சாப்பிட்டாரா, எப்போது வண்டியை எடுத்தார், எப்போது நிறுத்தப்பட்டார், எப்போது மாதிரி எடுத்தார்கள் என்பதை நேரத்தோடு ஒரே தாளில் எழுதுங்கள். உடல் எடை, நோய்கள், சாப்பிடும் மாத்திரைகள், பழைய அடிபட்ட காயங்கள் எல்லாம் அந்தத் தாளிலேயே வரட்டும்.

உடம்பு பழகுவது என்றால் என்ன: நாலு விதம்

நீதிமன்றத்தில் வாய் திறப்பதற்கு முன் இதை நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். “பழகிய உடம்பு” என்று பொதுவாகச் சொல்வதில் நாலு வெவ்வேறு விஷயங்கள் கலந்திருக்கின்றன. அரசுத் தரப்பு நிபுணர் அவற்றைப் பிரித்துப் பேசத் தொடங்கினால் நீங்கள் திகைத்து நிற்கக்கூடாது.

மூளை பழகுவது முதல் விதம். வருடக்கணக்கில் குடிக்கும்போது நரம்பு செல்கள் ஆல்கஹாலோடு வேலை செய்யப் பழகிக்கொள்கின்றன. அதே அளவுக்கு முன்பு வந்த தள்ளாட்டமும் குழறலும் வெளியே குறைவாகத் தெரியும். ரத்தத்தில் அளவு குறைவதில்லை.

கல்லீரல் பழகுவது இன்னொன்று. தொடர்ந்து அதிகம் குடிப்பவர்களிடம் ஆல்கஹாலை உடைக்கும் நொதிகளில் ஒன்றின் அளவு கூடுகிறது. அதனால் ரத்தத்திலிருந்து ஆல்கஹால் வேகமாக வெளியேறும். எப்போதாவது குடிப்பவருக்கு மணிக்கு 10 முதல் 15 மி.கி. இறங்கினால், தினமும் அதிகம் குடிப்பவருக்கு 25, சிலருக்கு 30-க்கு மேலும் இறங்கலாம். கல்லீரல் கெட்டுப்போன நிலையில் இந்த வேகமும் சரிந்துவிடும். இந்த எண்களை மறக்காதீர்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

மூன்றாவது விதம் ஒரே நாள் குடியிலேயே நடப்பது. 1919-இல் ஆங்கிலேய மருத்துவ ஆய்வாளர் எட்வர்ட் மெல்லன்பி நாய்களை வைத்துச் செய்த சோதனைகளில் இதைக் கண்டார். ரத்தத்தில் அளவு ஏறிக்கொண்டிருக்கும்போது தெரிகிற போதை, இறங்கும்போது அதே அளவில் தெரிவதில்லை. மனிதர்களிடமும் அப்படியே. “தெளிஞ்சிடுச்சு, இனிமே ஓட்டலாம்” என்று ஒருவர் சாவியை எடுக்கும் நேரம் பல முறை இந்த இறங்குமுகம்தான். தெளிந்தது போன்ற உணர்வு முதலில் வந்துவிடுகிறது. ஓட்டும் திறன் அதே வேகத்தில் திரும்புவதில்லை.

கடைசி விதம் பயிற்சியால் வருவது. குடித்த நிலையில் ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் செய்தால் அந்த வேலையில் மட்டும் தடுமாற்றம் குறையும். பழகிய இடம், பழகிய நேரம், பழகிய வேலை என்றால் நன்றாகச் செய்வார். புதிதாக ஒன்று வந்தால் பழக்கம் கைகொடுக்காது.

அரசுத் தரப்பின் பெரிய ஆயுதம் இந்தக் கடைசி விதத்தில்தான் இருக்கிறது. நடப்பது, பேசுவது, பணப்பையிலிருந்து உரிமத்தை எடுப்பது எல்லாம் வாழ்நாள் முழுக்கச் செய்த வேலைகள். சாலையில் திடீரென ஒரு குழந்தை ஓடிவந்தால் பிரேக்கை மிதிப்பதும், ஒரே நேரத்தில் கண்ணாடியையும் சிக்னலையும் குறுக்கே வரும் சைக்கிளையும் கவனிப்பதும் அப்படி இல்லை. தள்ளாடாமல் நின்றார் என்பதிலிருந்து பாதுகாப்பாக ஓட்டியிருப்பார் என்ற முடிவுக்குத் தாவமுடியாது என்று அவர்கள் நிபுணர் சொல்வார். அவர் சொல்வது சரிதான். நேர்மையாகப் பார்த்தால் நாமும் அதை ஒப்புக்கொண்டுதான் வேலை செய்யவேண்டும்.

வீடியோவையும் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்

இந்த வழக்கின் உயிர்நாடி இதுதான். கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

நான் கவனித்த ஒரு வழக்கில் போலீஸ் வண்டியின் கேமராப் பதிவு இருந்தது. ஐம்பது வயதைத் தாண்டியவர். இண்டிகேட்டர் போட்டு வண்டியை ஓரத்தில் அழகாக நிறுத்துகிறார். கண்ணாடியை இறக்குகிறார். சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து, அதில் நாலைந்து அட்டைகளுக்கு நடுவிலிருந்து உரிமத்தை மட்டும் இரண்டு விரலால் உருவிக் கொடுக்கிறார். இறங்கும்போது கதவைப் பிடிக்கவில்லை. நேராக நிற்கிறார். ஐம்பது நிமிடம் கழித்து எடுத்த மூச்சுப் பரிசோதனை காட்டிய அளவோ 190 மி.கி.

குடிக்காத ஒருவரோ எப்போதாவது குடிப்பவரோ இந்த அளவில் அப்படி நிற்கமுடியாது. ஆகவே எதிர்வாதம் தானாகவே பிறந்தது: இந்த மனிதரையும் இந்த எண்ணையும் பாருங்கள், இரண்டும் ஒட்டவே இல்லை, கண் முன்னால் தெரிவதை நம்புவதா கருவியை நம்புவதா? இதைப் பொருந்தாமை வாதம் என்று சொல்லலாம். எண் மட்டுமே அடிப்படையான குற்றச்சாட்டில்கூட கருவியின் மீது நியாயமான சந்தேகத்தைக் கிளப்பக்கூடிய நல்ல வாதம் இது.

அரசுத் தரப்பு தன் நிபுணரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டது. “தினமும் குடித்துப் பழகிய ஒருவர் 190-இல் இப்படி நிற்க முடியுமா?” “முடியும்.” அவர் தினமும் குடிப்பவர் என்பதற்கு என்ன ஆதாரம்? அதே வீடியோவில், உரிமத்தைக் கொடுத்துவிட்டு அவரே சொல்லியிருந்தார்: “தினமும் சாப்பிடுறவன் சார் நான். இதெல்லாம் எனக்கு ஒண்ணுமே பண்ணாது.” அந்த ஒரு வரியோடு பொருந்தாமை வாதம் படுத்துவிட்டது. எண்ணுக்கும் வீடியோவுக்கும் இடையிலிருந்த பள்ளத்தை அவரே மண்ணைப் போட்டு மூடிக்கொடுத்திருந்தார்.

நான் இந்தக் கட்டுரையில் சொல்ல விரும்புவது உண்மையில் இதைத்தான். பழகிய உடம்பு என்ற வாதமும், கருவி தவறு என்ற வாதமும் ஒரே வழக்கில் சேர்ந்து நிற்காது. “ஏறவில்லை, அதனால் எண் தவறு” என்பதற்கு அவர் சாதாரண ஆளாக இருக்கவேண்டும். “எண் சரிதான், ஆனால் அவருக்கு ஏறாது” என்பதற்கு அவர் பெருங்குடியராக இருக்கவேண்டும். இரண்டையும் சொன்னால் நீதிபதி இரண்டையும் நம்பமாட்டார்.

எதை எடுப்பது? என் அனுபவத்தில், எண் சட்ட எல்லையைத் தாண்டியிருந்து எண்ணின் பேரிலும் குற்றச்சாட்டு இருந்தால், பழக்கம் என்ற பேச்சையே நம் தரப்பிலிருந்து எடுக்கக்கூடாது. வீடியோ நன்றாக இருந்தால் பொருந்தாமையை எடுங்கள். அதுவும் வீடியோவில் அவர் என்ன பேசினார் என்று ஒலியோடு முழுவதையும் கேட்டபிறகு. எண்ணே பதிவில் இல்லாத வழக்கு, அல்லது அந்த ஆதாரம் ஏற்கப்படாமல் போன வழக்கு என்றால், மிஞ்சியிருப்பது அவருடைய நிலை மட்டும்தான். அங்கே வீடியோவே பேசும். ஏன் தடுமாறவில்லை என்ற விளக்கம் நாம் தரவேண்டியதில்லை. தடுமாறவில்லை என்பது போதும்.

அப்படியானால் “இவருக்குப் பழக்கம் உண்டு, அதனால் இந்த அளவில் நிலை தவறவில்லை” என்று வெளிப்படையாகச் சொல்ல இடமே இல்லையா? ஒரு குறுகிய இடம் உண்டு. நிலை மட்டுமே குற்றச்சாட்டாக இருந்து, அரசுத் தரப்பு நிபுணர் “இந்த அளவில் எல்லோருமே தடுமாறுவார்கள்” என்று பொதுப்படையாகச் சாட்சி சொன்னால், குறுக்கு விசாரணையில் அவரிடமே கேளுங்கள். ஒரே அளவில் இருவர் ஒரே மாதிரி இருப்பார்களா? பழக்கம் என்ற ஒன்று மருத்துவ நூல்களில் இருக்கிறதா? இந்த மனிதரை நீங்கள் சோதித்துப் பார்த்தீர்களா? மூன்றுக்கும் அவர் நமக்கு வேண்டிய பதிலைத்தான் தரமுடியும். இதில் நம் கட்சிக்காரர் எவ்வளவு குடிப்பார் என்று நாம் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. ஆனால் அதே வழக்கில் எண்ணைப் பற்றிய குற்றச்சாட்டும் நிலுவையில் இருந்தால், பொருந்தாமை வாதத்தை நீங்களே அறுக்கிறீர்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

பின்னோக்கிக் கணக்குப் போடும்போது

வண்டி ஓட்டிய நேரம் ஒன்று, மாதிரி எடுத்த நேரம் வேறு. இடையில் ஒன்றிரண்டு மணி நேரம் ஓடியிருந்தால், அரசுத் தரப்பு நிபுணர் மாதிரியில் வந்த அளவிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, ஓட்டும்போது இவ்வளவு இருந்திருக்கும் என்பார். சுவீடன் நாட்டு வேதியியலாளர் விட்மார்க் 1930-களில் ஒழுங்குபடுத்திய கணக்கு முறைதான் இன்றும் அடிப்படை.

ஒரு எடுத்துக்காட்டு. இரவு 11 மணிக்கு வண்டியை நிறுத்துகிறார்கள். 12:30-க்கு ரத்தம் எடுக்கிறார்கள். அளவு 60 மி.கி. சட்ட எல்லை 80. குடித்ததெல்லாம் 11 மணிக்குள் ரத்தத்தில் கலந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 10 வீதம் இறங்கியது என்றால் 11 மணிக்கு 75. எல்லைக்குக் கீழே. மணிக்கு 20 என்றால் 90. மணிக்கு 30 என்றால் 105.

பாருங்கள், இங்கே “என் கட்சிக்காரர் நன்றாகக் குடித்துப் பழகியவர்” என்று நாமே சொன்னால் என்ன ஆகும்? பழகிய கல்லீரல் வேகமாக இறக்கும். இறங்கும் வேகம் கூடினால், ஓட்டிய நேரத்து அளவும் கூடும். 75-இல் விடுதலையாக வேண்டியவரை 105-க்கு நாமே ஏற்றிவிட்டோம். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் இதுதான். எந்த வேகத்தை எடுத்தீர்கள், ஏன் எடுத்தீர்கள், குறைந்தபட்ச வேகத்தை எடுத்தால் எவ்வளவு வரும் என்று நிபுணரைக் கேட்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

குடித்தது முழுவதும் கலந்துவிட்டது என்ற அனுமானத்தையும் விடாதீர்கள். வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தால் உச்ச அளவு வர ஒன்றரை, இரண்டு மணி நேரம்கூட ஆகலாம். கடைசி மடக்குக்கும் ஓட்டியதற்கும் இடைவெளி குறைவு என்றால், ஓட்டும்போது அளவு ஏறுமுகத்தில், மாதிரியில் வந்ததைவிடக் குறைவாகவே இருந்திருக்கலாம். அந்த நேரத் தாள் இதற்குத்தான்.

இன்னொரு சிறிய விஷயம், பலர் கோட்டைவிடுவது. விபத்துக்குப் பிறகு மருத்துவமனை எடுத்த ரத்தப் பரிசோதனையை ஆதாரமாகக் கொண்டுவந்தால், அது முழு ரத்தத்தில் அளந்ததா, சீரத்தில் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) அளந்ததா என்று பாருங்கள். சீரத்தில் தண்ணீர் அதிகம் என்பதால் எண் பொதுவாக 10 முதல் 20 சதவீதம் கூடுதலாக வரும். சட்ட எல்லை முழு ரத்தத்துக்கு எழுதப்பட்டது என்றால் அப்படியே ஒப்பிடக்கூடாது.

சாலையோரச் சோதனைகளை வாசிப்பது

அமெரிக்காவில் மூன்று சோதனைகள் நிலையாக நடக்கின்றன: கண் அசைவு (நகரும் பொருளைப் பார்க்கும்போது கண்மணி துள்ளுகிறதா என்று கவனிப்பது), கோட்டில் நடந்து திரும்புவது, ஒற்றைக்காலில் நிற்பது. 1970-களின் பிற்பகுதியில் தெற்குக் கலிஃபோர்னியாவில் நடந்த ஆய்வுகளிலிருந்து வந்தவை. நடந்து திரும்புவதில் எட்டுக் குறிகள் பார்ப்பார்கள். இரண்டு வந்தாலே தேறவில்லை. ஒற்றைக்காலில் நாலு குறிகள், அங்கும் இரண்டு.

இந்தச் சோதனைகள் ரத்தத்தில் இருக்கும் அளவை ஊகிக்க உதவுகின்றனவா என்பதைத்தான் ஆய்வுகள் பார்த்தன. ஒருவரின் ஓட்டும் திறனை அவை நேரடியாக அளப்பதில்லை. இதைப் போலீஸ் சாட்சியிடம் தெளிவாகக் கேட்டு வாங்குங்கள். நடப்பதும் நிற்பதும் பழக்கத்தால் ஓரளவு சமாளிக்கக்கூடியவை. கண் அசைவு நம் கட்டுப்பாட்டில் இல்லாதது. கண்ணில் எல்லாக் குறிகளும் வந்து, கால் சோதனை இரண்டிலும் நன்றாகச் செய்திருந்தால், அரசுத் தரப்பு “பழகிய ஆள்” என்று சொல்லப்போகிறது என்பதற்கு முன்னறிவிப்பு அது.

சோதனை செய்த அதிகாரி இவரை இதற்குமுன் பார்த்ததே இல்லை. குடிக்காத நாளில் இவர் எப்படி நடப்பார், எப்படிப் பேசுவார் என்று அவருக்குத் தெரியாது. முட்டிவலி, முதுகு அறுவை, காதுக் கோளாறு, அறுபத்தைந்து வயது, அதிக எடை எல்லாம் ஒற்றைக்கால் சோதனையைக் கெடுக்கும். மருத்துவ ஆவணங்களோடு போங்கள். “வாயில் மது வாடை அடித்தது” என்ற சாட்சியம் குடித்தார் என்பதை மட்டுமே சொல்கிறது, எவ்வளவு என்பதைச் சொல்வதில்லை.

இதற்கு நேர் எதிரான ஆளும் உண்டு

ஒரு கோப்பை பீருக்கே முகம் சிவந்து கண் கலங்கிப்போகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். கிழக்காசிய வம்சாவளியினர் பலரிடம் ஆல்கஹால் உடைந்து வரும் இடைப்பொருளை அகற்றும் நொதி பிறப்பிலேயே சரியாக வேலை செய்யாது. எண் எல்லைக்குக் கீழேயே இருக்கும். ஆள் பார்ப்பதற்கு முழுப் போதை போலத் தெரிவார். நிலையைப் பற்றிய குற்றச்சாட்டில் எண் குறைவு என்பது மட்டும் காப்பாற்றாது, ஏனென்றால் குறைந்த அளவிலேயே உண்மையில் தடுமாறுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆகவே முகச் சிவப்புக்கும் ஓட்டும் திறனுக்கும் சம்பந்தமில்லை என்பதை மருத்துவர் வாயால் காட்டவேண்டும். “இவருக்குக் கொஞ்சம் குடித்தாலே ஏறிவிடும்” என்று உறவினர் யாராவது பாசத்தில் சாட்சி சொல்ல வந்தால் தடுத்துவிடுங்கள்.

நீதிமன்றத்துக்கு வெளியே காத்திருப்பது

வழக்கை ஜெயித்தாலும் தோற்றாலும், பழக்கம் என்ற சொல் பதிவாகிவிட்டால் அது உரிமம் வழங்கும் துறைக்குப் போய்ச் சேரும். ஜெர்மனியின் உச்ச நிர்வாக நீதிமன்றம் 2021 மார்ச்சில் தந்த தீர்ப்பு இதற்கு நல்ல பாடம். ஒரு கிலோ ரத்தத்துக்கு 1.6 கிராமைத் தொட்டால் உரிமத்தைத் திரும்பப் பெற மருத்துவ, மனநலப் பரிசோதனையில் தேறவேண்டும் என்பது அங்கே ஏற்கெனவே இருந்த விதி. 1.1 கிராமோ அதற்கு மேலோ இருந்தும் ஒருவரிடம் தடுமாற்றமே தெரியவில்லை என்றால், முதல் முறை சிக்கியவராக இருந்தாலும் அவரையும் அந்தப் பரிசோதனைக்கு அனுப்பவேண்டும் என்றது நீதிமன்றம். தடுமாறாமல் இருந்ததே ஆபத்தின் அறிகுறி என்று எடுத்துக்கொண்டார்கள். பிரிட்டனிலும் 200 மி.கி.-யைத் தொட்டவர்கள் அதிக ஆபத்துள்ள ஓட்டுநர்கள் என்ற வகையில் சேர்ந்து, மருத்துவப் பரிசோதனையில் தேறினால்தான் உரிமத்தைத் திரும்பப் பெறலாம். குழந்தைகள் யாரிடம் வளரவேண்டும் என்ற வழக்கு பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தால், “பெருங்குடியர்” என்று நம் கையாலேயே எழுதிய மனு அங்கேயும் போய் நிற்கும்.

தண்டனை பற்றிய கட்டம் வேறு. குற்றம் உறுதியாகிவிட்டது, இனி மறைக்க ஒன்றுமில்லை என்ற நிலையில், 190-இல் நேராக நிற்கமுடிந்த ஒருவருக்குத் தேவை சிகிச்சை என்று நீதிபதியிடம் சொல்வது நியாயமான வேண்டுகோள். அதற்கு முன்கூட்டியே ஒரு மருத்துவரிடம் மதிப்பீடு செய்து, சிகிச்சையைத் தொடங்கிய தேதியோடு போங்கள். வெறும் வாக்குறுதியை யாரும் மதிப்பதில்லை.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். வழக்குக்குப் பயந்து, அல்லது நீதிபதியிடம் நல்ல பெயர் வாங்க, இப்படிப்பட்ட கட்சிக்காரர்கள் ஒரே நாளில் குடியை நிறுத்திவிடுவார்கள். தினமும் நிறையக் குடித்துப் பழகிய உடம்பில் அது ஆபத்தானது. நிறுத்திய முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாள் கழித்துப் பிதற்றல், இல்லாததைப் பார்ப்பது, கடும் நடுக்கம் வந்து, கவனிக்காவிட்டால் உயிரே போகலாம். ஆகவே உங்கள் எதிரில் உட்கார்ந்திருப்பவர் “எனக்கு ஏறவே இல்லை சார்” என்று சொன்னால், வழக்குக் குறிப்பில் எழுதுவதற்கு முன்னால், கடைசியாக எப்போது குடித்தார், கை நடுங்குகிறதா என்று கேளுங்கள். நேற்றோடு நிறுத்திவிட்டேன் என்றால் வக்காலத்து நாளைக்கு இருக்கட்டும், முதலில் மருத்துவமனைக்கு அனுப்புங்கள். தனியாக அனுப்பாதீர்கள், வீட்டிலிருந்து யாரையாவது வரச்சொல்லிக் கூடவே அனுப்புங்கள்.